கொட்டாஞ்சேனைக்கு வாங்கிய சோடிகள்

எங்கள் சனத்தின் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறியக் கதவைத் தட்டவேண்டியதில்லை. வாசலில் கழற்றி வைத்த செருப்புகளைப் பார்த்தால் போதும். இரண்டு சோடி என்றால் வீட்டுக்காரர் மட்டும். ஆறேழு என்றால் யாரோ வந்திருக்கிறார்கள், நாங்கள் பிறகு வருவோம். படி வரைக்கும் நிறைந்திருந்தால் அங்கே ஒன்றில் நல்லது நடக்கிறது, இல்லையென்றால் கெட்டது நடந்துவிட்டது.

மணியக்காவின் வாசலில் எந்த நாளும் படி வரைக்கும் நிறைந்திருக்கும். உள்ளே இருப்பது மணியக்கா ஒருவர்தான்.

முழுப்பெயர் சிவமணி. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் மாடிவீடு. மூன்றாம் மாடியில் அவருடைய கதவும் என்னுடைய கதவும் எதிரெதிர். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். கலியாணம் செய்யவில்லை. தங்கத்தில் ஆசையில்லை, சேலையில் ஆசையில்லை. ஆசையெல்லாம் காலுக்குத்தான். குதி வைத்தது, வைக்காதது, பின்னால் வார் போட்டது, முத்துப் பதித்தது என்று வாங்கிக்கொண்டே இருப்பார். வீட்டுக்குள் செருப்பு அடுக்கும் இரண்டு றாக்கை நிரம்பி, மிச்சம் கொரிடோருக்கு வந்துவிட்டது.

கோயிலுக்கென்று ஒரு மலிவுச் சோடி தனியாக வைத்திருந்தார். ஒருநாள் அதை மறந்து புதுச்சோடியோடு பிள்ளையார் கோயிலுக்கு வந்துவிட்டார். பூசை முடிந்து வெளியே வந்தால் சோடியைக் காணவில்லை.

"கோயில்ல செருப்புத் துலைஞ்சா சனி போயிட்டுது எண்டு சொல்லுவினம், அக்கா. நல்லதுதான்" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"போற சனி பழைய சோடியோட போகக்கூடாதோ?" என்றார்.

வெறுங்காலோடு வந்தவர் நேரே சஜீத் நானாவின் கடைக்குள் ஏறினார். எங்கள் ஒழுங்கை தொடங்கும் காலி வீதியில் சப்பாத்துக் கடை வைத்திருப்பவர் அவர்.

"என்னா அக்கா, போன கெழமதானே ஒண்டு எடுத்த?"

"அது சாமிக்குக் குடுத்தாச்சு, நானா."

"சாமிக்கு எத்தின கால் அக்கா?"

"உங்களுக்கு யாவாரம் வேணுமோ, கேள்வி வேணுமோ?"

இப்படித்தான் அவர் சிரிக்கச் சிரிக்க வாங்குவார். நாங்களும் சிரித்தோம். அவருடைய தம்பி மட்டும் முன்பு ஒரு பெயர் வைத்திருந்தாராம்: பூரான். "பூரானுக்குத்தான் இத்தனை சோடி வேணும். உனக்கு மிச்சக் காலை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?" என்று கேட்பாராம். அதைச் சொல்லும்போது மணியக்காவின் முகம் மலர்ந்து, பிறகு அப்படியே நின்றுவிடும்.

ஜனா என்றொரு பிள்ளை மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வாரம் நடந்த கதை இன்னும் எங்கள் மாடிவீட்டில் ஓடுகிறது. அந்தப் பிள்ளை படியேறும்போது மணியக்காவின் வாசலைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு செருப்பு, உள்ளே சத்தமில்லை. செத்தவீடு என்று நினைத்துவிட்டாள். வீட்டில் றேடியோவை நிறுத்தி, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். மணியக்கா திறந்ததும் அந்தப் பிள்ளை கண்ணைத் தாழ்த்தி, "ஆர் அன்ரி தவறினது?" என்று கேட்டாள்.

மணியக்கா ஒரு கணம் முழித்துப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "ஒருத்தரும் தவறேல்லைப் பிள்ளை. எல்லாம் என்ர காலுகள்தான்" என்று சொல்லி, அவளை உள்ளே கூட்டிப்போய் அந்தத் தேத்தண்ணீரை அவளோடேயே குடித்தார்.

அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய பகிடி.

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். சிவபாதசுந்தரம் என்று பெயர், சிவபாதம் என்று கூப்பிடுவார்கள். அக்காவிலும் ஆறேழு வயது இளையவர். துறைமுகப் பக்கம் வேலை. வயது ஏறிய பிறகுதான் ஒரு பிள்ளையை விரும்பினார். சுபாஷினி. கொட்டாஞ்சேனையில் இருந்தவள். தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்த ஆட்கள். மணியக்காவின் தாயார் அப்போது உயிரோடு இருந்தார். யாழ்ப்பாணத்து ஆட்கள் நாங்கள், எங்கள் வீட்டுக்கு மலைநாட்டுப் பிள்ளையா என்று மனுசி ஒற்றைக் காலில் நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவபாதம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா நேரில் பார்த்தால் மனம் மாறும் என்று நினைத்திருப்பார். நான் என் கதவடியில் நின்றேன். அந்தப் பிள்ளை பூப்போட்ட சேலை உடுத்து, பழக்கூடை ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். வாசலில் குனிந்து செருப்பின் வாரைக் கழற்றத் தொடங்கினாள். உள்ளேயிருந்து தாயார் ஏதோ சொன்னார். அதைக் கொண்டுவந்து வாசலில் சொன்னது மணியக்கா.

"செருப்பைக் கழட்டவேண்டாமாம். உள்ளுக்கு வரத் தேவையில்லையாம்."

குனிந்தவள் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கழற்றிய வாரை மறுபடி பூட்டினாள். சிவபாதம் அக்காவைப் பார்த்தார். "அம்மா சொல்லட்டும். நீயுமோ, அக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் படியிறங்கினார்கள். பழக்கூடை வாசலிலேயே இருந்தது.

தாயார் செத்தபோது மகன் சுடலைக்கு வந்தார். கொள்ளி வைத்தார். வீட்டுக்கு வராமல் அங்கிருந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் முகம் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் மட்டக்குளி பஸ் ஏறினால் இடையில் கொட்டாஞ்சேனை. வேறு நாடில்லை, கடல் தாண்டத் தேவையில்லை. ஆனால் மனிசருக்குச் சில வாசற்படி கடலிலும் அகலம்.

மணியக்கா போகத்தான் நினைத்தார். அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும், "பிள்ளை, இந்த முறை கொட்டாஞ்சேனைக்குப் போறன்" என்பார். போவதற்கு முதல் ஒரு சோடி வாங்குவார்.

"உள்ள சோடியில ஒண்டைப் போட்டுக்கொண்டு போங்கோவன், அக்கா."

"அது சரிவராது. அந்தப் பிள்ளையை வாசல்ல செருப்போட நிற்கவிட்டு அனுப்பினனான். அவளின்ர வாசலுக்கு நான் பழசைப் போட்டுக்கொண்டு போறதே? மரியாதையாப் போகவேணும்."

வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டுவார். "இது கொட்டாஞ்சேனைக்கு" என்பார். பெருநாள் வரும். அன்றைக்குத் தலையிடிக்கும், அல்லது மழை பெய்யும், அல்லது, "பெருநாளில போனா அவளின்ர ஆக்கள் எல்லாம் நிப்பினம், பிறகு ஆறுதலாப் போவம்" என்பார். அந்தச் சோடி வாசலில் மற்றச் சோடிகளோடு சேர்ந்துவிடும். அடுத்த பெருநாளுக்கு வேறொன்று வரும். போன் எடுத்துக் கதையுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். "வாசல்ல செய்த பிழையை வாசல்ல நிண்டுதான் தீர்க்கவேணும்" என்று சொல்லிவிட்டார். நானும் ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாருக்கு ஒரு விளக்குக் கூடுதலாக வைத்தேன். அவர் தடைகளை நீக்குகிறவர். ஆனால் நடக்க வேண்டியது நாங்கள்தானே.

இதற்கிடையில் பக்கத்து ஒழுங்கையில் தனியே இருந்த ஒரு மனுசியின் வீட்டில் கள்ளன் புகுந்தான். எங்கள் மாடிவீட்டுக் காவலாளி மெல்ரோய், வத்தளையிலிருந்து வருகிறவர், மணியக்காவுக்கு ஒரு யோசனை சொன்னார்.

"அக்கா, ஒரு வேல செய்ங்க. வாசல்ல ஆம்பிளச் சப்பாத்து ஒரு சோடி வைங்க. உள்ள ஆம்பிள இருக்கான்னு கள்ளன் போயிருவான். தனியா இருக்கிற லேடீஸ் எல்லாம் இப்ப அதான் செய்றாங்க."

சப்பாத்து வாங்க ஒரு சாட்டுக் கிடைத்தால் மணியக்கா விடுவாரா? அன்று பின்னேரமே என்னையும் இழுத்துக்கொண்டு சஜீத் நானாவிடம் போனார்.

"ஆம்பிளைச் சப்பாத்து ஒரு சோடி காட்டுங்கோ, நானா. நல்ல கறுப்பு. கயிறு கட்டுறது."

சஜீத் நானா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாருக்கு அக்கா?"

"கள்ளனுக்கு."

"அல்லாஹ்! இந்தக் கடையில முப்பது வருஷமா இரிக்கன், கள்ளனுக்கு அளவெடுத்துக் குடுத்ததில்ல. என்ன சைஸ்?"

"ஒன்பது" என்றார் மணியக்கா. யோசிக்கவேயில்லை. சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

வரும் வழியில் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "தம்பிக்கு ஒன்பது" என்றார்.

அந்தச் சப்பாத்தை வாசலில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார். கிழமைக்கு ஒருமுறை பொலிஷ் போட்டார். "போடாமல் வைச்சா, ஆள் இல்லை எண்டு கள்ளனுக்கு விளங்கிப்போகும்" என்று காரணமும் சொன்னார்.

போன வருடம் மழை விடாமல் பெய்தது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் எல்லாம் பூஞ்சணம். வெயில் எறித்த முதல் நாள் மணியக்கா றாக்கைகளில் இருந்த சோடிகளையும் வெளியே எடுத்தார். கொரிடோர் நெடுக, யன்னலால் வெயில் விழும் இடமெல்லாம், படியின் இரண்டு தட்டு வரைக்கும் அடுக்கினோம். நான் என் கதவைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்குள் இருந்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு கதை சொன்னார். "இது என்ர மனேச்சர் ரிட்டயர் ஆன அண்டைக்கு. இதின்ர குதி அவரின்ர பேச்சுக்கு நடுவில உடைஞ்சது. நான் ஒரு காலில நிண்டு கைதட்டினனான்." நொண்டி நொண்டிக் கை தட்டியும் காட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவருடைய சிரிப்பு கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும்.

படியில் யாரோ ஏறிவந்து நின்ற சத்தம் கேட்டது போல எனக்கு ஒரு நினைவு. கேட்டதோ, அல்லது பிற்பாடு நானே நினைத்துக்கொண்டதோ, தெரியாது.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை மணியக்கா என் கதவைத் தட்டவில்லை, அடித்தார். திறந்தால் கையில் போன்.

"சுபாஷினி" என்றார். "அவள்தான் எடுத்தவள். தம்பிக்குப் பாரிசவாதம். வலது பக்கம் விழுந்திட்டுதாம். ஆசுப்பத்திரியால வீட்டை கொண்டு வந்திட்டினம். பேச்சு வராதாம். 'அக்காவைக் கூப்பிடட்டுமா எண்டு கேட்டன், தலைய ஆட்டினார்' எண்டு சொன்னாள். வா பிள்ளை. இப்ப வா."

நான் சேலையைச் சரி செய்தபடி அவருக்குப் பின்னால் ஓடினேன். மட்டக்குளி பஸ்ஸில் இருக்கை கிடைத்து மூச்சு வாங்கிய பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். குளியலறைக்குப் போடும் நீல றப்பர் செருப்பு. ஒன்றின் வார் பிய்ந்து ஊசியால் குத்தியிருந்தது.

"அக்கா, செருப்பு..."

அவரும் குனிந்து பார்த்தார். பஸ் பம்பலப்பிட்டியையும் தாண்டவில்லை. இறங்கித் திரும்பலாம்.

"வேண்டாம்" என்றார். "திரும்பிப் போய் மாத்தினா நான் வரமாட்டன், பிள்ளை. என்னை எனக்குத் தெரியும்."

கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் வீடு. வாசலில் மூன்றே சோடி. பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து ஒன்று, பெண்பிள்ளைச் செருப்பு ஒன்று, தேய்ந்த ஆண் செருப்பு ஒன்று. கதவு திறந்திருந்தது. மணியக்கா படியடியில் நின்றார். மேலே ஏறவுமில்லை, செருப்பைக் கழற்றவுமில்லை. கழற்றலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை கண்முன்னே வந்துவிட்டது. முருகா, இந்தப் பிள்ளை இப்போது என்ன சொல்லப் போகிறாளோ என்று நினைத்தேன்.

சுபாஷினி வெளியே வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. மணியக்காவைப் பார்த்தாள், அவருடைய காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க, அண்ணி" என்றாள்.

மணியக்கா கழற்றினார். கழற்ற இவ்வளவு நேரம் எடுக்கும் செருப்பல்ல அது.

சிவபாதம் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அக்காவைக் கண்டதும் இடது கை தானாக மேலே வந்தது. மணியக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் நிலத்திலேயே இருந்துவிட்டார்.

சுபாஷினி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பதின்மூன்று பதினாலு வயதில் ஒரு பெண்பிள்ளை திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஆரணி, வா, ஒன் அத்தைதான்" என்றாள் தாய். பிறகு எங்களிடம், "பெரிய மனுஷியாகி அஞ்சு மாசம் ஆகப்போகுது. சடங்குக்கு ஒங்களக் கூப்பிடத்தான் இவரு அந்த மழ விட்ட அன்னைக்கு வந்தாரு" என்றாள்.

மணியக்கா தலையைத் தூக்கினார். "எங்க வந்தவர்?"

"ஒங்க வீட்டுக்குத்தான். அத்தைதான் மொதல்ல தண்ணி ஊத்தணும், அக்கா ஊத்தாம எம் புள்ளைக்குச் சடங்கானு ஒரே பிடியா நின்னாரு. தட்டுல வெத்தல பாக்கெல்லாம் வச்சு எடுத்துக்கிட்டு வந்தாரு. போன வேகத்துலயே திரும்பி வந்துட்டாரு. என்னானு கேட்டேன். அக்கா வீட்டுல நெறைய ஆளுக வந்திருக்காங்க, படி வரைக்கும் செருப்பு, எல்லாம் அக்காவோடதுனு நெனச்சா ஆம்பளச் சப்பாத்தும் இருக்கு, உள்ள ஒரே சிரிப்பு, ஏதோ விசேஷம்னாரு. நம்மள சொல்லாத விசேஷத்துல நடுவுல போய் நின்னா அக்காவுக்குத்தான் சங்கடம்னு வந்துட்டாராம்."

நான் தேத்தண்ணீர்க் கோப்பையை நிலத்தில் வைத்தேன்.

"போன் பண்ணிக் கூப்பிடுங்கனேன். அத்தைய யாராவது போன்ல கூப்பிடுவாங்களானு கோவிச்சுக்கிட்டாரு. அப்புறம் நாள் நெருங்கிருச்சு. எங்க அண்ணன் பொண்டாட்டிதான் தண்ணி ஊத்துனாங்க." சுபாஷினி புருஷனின் போர்வையைச் சரிசெய்தாள். "ஆனா அன்னைக்கு ராத்திரி சாப்பிடுறப்ப சொன்னாரு, அக்கா தனியா இல்ல சுபா, வீடு நெறைய ஆளு, நல்லா இருக்கானு. அதுல அவருக்குச் சந்தோசந்தான்."

மணியக்கா அவளைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தார்.

"டேய். உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையடா" என்றார். "நானும் முன்வீட்டுப் பிள்ளையும்தான். அதெல்லாம் என்ர செருப்படா. பூஞ்சணத்துக்குக் காயவைச்சனான். அந்தச் சப்பாத்து ஒருத்தரின்ரையும் இல்லை. கள்ளனுக்கு வைச்சது. உன்ர அளவில வாங்கினது. நீ தட்டியிருக்கலாமேயடா. ஒருக்காத் தட்டியிருக்கலாமே."

அவருக்கு விளங்கியதோ தெரியாது. டொக்டர்மார் விளங்கும் என்றுதான் சொன்னார்களாம். அவர் கண் மெல்லக் கீழே இறங்கி அக்காவின் காலைத் தேடியது. எப்போதும் அப்படித்தானாம், அக்கா எங்கே போய் வந்தாலும் முதலில் காலைப் பார்த்துத்தான் பகிடி தொடங்குவாராம். மணியக்கா வெறுங்காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பூரான் எண்டு ஒருக்காச் சொல்லு" என்றார். "சொல்லடா."

அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணால் மட்டும் தண்ணீர் வந்தது. சுபாஷினி அதைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியை மணியக்காவின் கையில் கொடுத்தாள்.

இப்போது மணியக்கா செவ்வாயும் சனியும் கொட்டாஞ்சேனைக்குப் போகிறார். எது வாய்க்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு போகிறார். புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. சஜீத் நானா என்னைக் கண்டால், "அக்காவுக்கு நம்மளோட என்ன கோவம்?" என்று கேட்கிறார். வாசலில் இருந்த சோடிகளில் பெரும்பாகத்தை ஆரணிக்கும், மேல்மாடி ஜனாவுக்கும், ஆர் ஆருக்கோ கொடுத்தாயிற்று. ஆரணிக்குக் குதிச் செருப்பில் நடக்கப் பழக்குகிறாராம். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறாளாம். தண்ணீர் ஊற்றாத அத்தை வேறென்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்.

கள்ளனுக்கு வாங்கிய சப்பாத்தையும் கொண்டுபோனார். தம்பிக்கு நடக்கப் பழக்க ஆசுப்பத்திரியிலிருந்து வருகிற பிள்ளை, காலைப் பிடித்து நிற்கிற சப்பாத்து வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இடது காலுக்கு அளவாக இருந்தது. வலது கால் வீங்கிக் கிடப்பதால் உள்ளே போகவில்லை. வலது சப்பாத்து இன்னும் புதுசாகக் கட்டிலின் கீழே இருக்கிறதாம். மணியக்கா போகும் நாளெல்லாம் அதையும் பொலிஷ் போட்டுவிட்டு வருகிறார்.

இங்கே அவருடைய வாசல் வெறுமையாகிவிட்டது. அந்த நீலச் செருப்புக்கூட இப்போது உள்ளேதான் இருக்கிறது. போன கிழமை காஸ் சிலிண்டர் கொண்டுவந்த மனிதன், வாசலில் ஒன்றுமில்லை என்று கண்டு, வீட்டில் ஆளில்லை என நினைத்துத் திரும்பிவிட்டான். சிலிண்டர் படியில் இடிபடும் சத்தம் கேட்டு மணியக்கா கதவைத் திறந்தார். வெறுங்காலோடு மூன்று மாடியும் ஓடி இறங்கினார். நானும் பயந்து பின்னால் போனேன்.

"தட்டாமல் போறியோ?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "கை இல்லையோ உனக்கு? செருப்பைப் பார்த்து என்ன கண்டனி? ஒருக்காத் தட்டிப் பார்த்தா என்ன குறைஞ்சு போவாய்?"

சிங்களப் பொடியன் அவன். ஒன்றும் விளங்காமல், "சமாவென்ன நோனா, சமாவென்ன" என்று மன்னிப்புக் கேட்டபடி சிலிண்டரைத் தோளில் ஏற்றினான். மணியக்கா அவனுக்கு மேல்வரைக்கும் வழிகாட்டி, தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்.

அன்றிலிருந்து பகல் முழுதும் அவருடைய கதவு அகலத் திறந்திருக்கிறது. மெல்ரோய் மேலே வந்து எச்சரித்துப் பார்த்தார்.

"என்னக்கா இது, கதவையும் தொறந்துவச்சு, சப்பாத்தையும் எடுத்துட்டீங்க. கள்ளன் வந்தா என்ன செய்வீங்க?"

"வந்தா உள்ளுக்கு வரட்டும், மெல்ரோய்" என்றார் மணியக்கா. "அவன்ர சப்பாத்து கொட்டாஞ்சேனையில இருக்கு எண்டு சொல்லிவிடுறன்."

மெல்ரோய் சிரித்தார். மணியக்கா சிரிக்கவில்லை. படியைப் பார்த்தபடி கதவடியில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.